தெருவில் எடுக்கும் மினிமல் படம் சொதப்புகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிகள்

தெருக்காட்சியிலிருந்து மினிமல் படம், அதாவது பெரிய வெற்றிடத்தில் ஓரிரு பொருள்கள் மட்டும் நிற்கும் படம், எடுப்பது பெரும்பாலும் கழிக்கிற வேலை. படம் சொதப்பினால் காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். போக வேண்டியது போகாமல் ஃபிரேமுக்குள் நிற்கிறது. அல்லது, நிற்க வேண்டியது தனியாகத் தெரியவில்லை. அல்லது, இரண்டும் சரியாக இருந்தும் கேமரா தன் போக்கில் வெளிச்சத்தையோ நிறத்தையோ மாற்றிவிட்டது. படம் பிடிக்கவில்லை என்றதும் எடிட்டிங் செயலியைத் திறக்கிறவர்கள்தான் அதிகம். பார்க்க வேண்டிய வரிசை அதற்கு நேர்மாறானது: முதலில் நிற்கும் இடம், அடுத்து வெளிச்சம், அடுத்து ஷட்டரை அழுத்தும் கணம், பிறகு கேமரா அமைப்பு, எல்லாம் முடிந்த பின் எடிட்டிங்.

எந்த வகைக் கோளாறு என்று கண்டுபிடிக்க

படத்தைத் திரையில் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். கண் இரண்டு மூன்று இடங்களுக்கு மாறி மாறி ஓடினால் மிச்சமிருக்கும் குப்பைதான் பிரச்சினை. கீழே முதல் இரண்டு அறிகுறிகளைப் படியுங்கள். கண் எங்கேயும் நிற்காமல் வழுக்கிப் போனால் முக்கியப் பொருளில் குறை. மூன்றாவது, நான்காவது அறிகுறிகள். சிறிய அளவில் நன்றாக இருந்து, பெரிதாக்கியதும் கெட்டுப்போனால் அது கேமரா விவகாரம். அதற்கு ஐந்தாவதிலிருந்து பாருங்கள்.

இன்னொரு சோதனை: படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். முக்கியப் பொருள் காணாமல் போனால், அது நிறத்தை மட்டும் நம்பி நின்றிருக்கிறது. அது தவறில்லை. ஆனால் அந்த நிறம் ஃபிரேமில் வேறெங்கும் இருக்கக் கூடாது. சாம்பல் சுவர் முன்னே சிவப்புக் குடை நிற்கும். மூலையில் ஒரு சிவப்புப் பலகை இருந்தால் நிற்காது.

1. பின்னணியில் ஏதேதோ தெரிகிறது

அதிகம் வருகிற கோளாறு இது. பெரும்பாலும் காரணம் கேமராவைக் கண் மட்டத்தில் பிடிப்பதுதான். தெருவின் குப்பை முழுவதும், அதாவது பலகைகள், வண்டிகள், கதவுகள், கம்பங்களின் அடிப்பகுதி எல்லாம், தரையிலிருந்து மூன்று மீட்டருக்குள்தான் இருக்கிறது. நின்றபடி நேரே எடுத்தால் அந்தப் பட்டையையே பின்னணியாக்கிக் கொள்கிறீர்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் புரியும். 100 மீட்டர் தள்ளி 10 மீட்டர் உயரத்தில் ஒரு கட்டட வரிசை. உங்களுக்கு 5 மீட்டர் முன்னால் 1.7 மீட்டர் உயரமுள்ள ஒருவர் நடக்கிறார். கேமரா 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால் கட்டடத்தின் மேல்விளிம்பு அவர் தலைக்கும் மேலே, சுமார் 1.9 மீட்டரில் தெரியும். ஆள் முழுவதும் ஜன்னல்களுக்குள் புதைந்துபோவார். கேமராவை 40 சென்டிமீட்டருக்கு இறக்குங்கள். அதே விளிம்பு அவர் உடலில் சுமார் 90 சென்டிமீட்டரில் விழும். இடுப்புக்கு மேல் முழுவதும் வானம். லென்ஸ் மாறவில்லை, ஆள் மாறவில்லை. நீங்கள் குனிந்தது மட்டும்தான்.

எதிர்த்திசையும் உண்டு. நடைமேம்பாலம், படிக்கட்டு, முதல் மாடி போன்ற இடத்திலிருந்து கீழ்நோக்கி எடுத்தால் பின்னணி வெறும் தரை ஆகிவிடும். கேமராவை 45 டிகிரிக்கு மேல் கீழே சாய்த்தால்தான் தொடுவானமும் எதிர்ப்புறக் கடைகளும் ஃபிரேமை விட்டு வெளியேறும். அரைகுறையாகச் சாய்த்தால் மேல்விளிம்பில் வண்டிச் சக்கரங்கள் வந்து நிற்கும். மேலிருந்து பார்க்கும்போது மனிதர்கள் தலையும் தோளுமாகச் சுருங்கிவிடுவார்கள். உருவத்தைச் சொல்லும் வேலையை நிழல்தான் செய்ய வேண்டும். சூரியன் 45 டிகிரி உயரத்தில் இருக்கும்போது நிழல் ஆளின் உயரத்துக்குச் சமம். 20 டிகிரியில் 2.7 மடங்கு, 10 டிகிரியில் 5.7 மடங்கு. 20 டிகிரியை ஒட்டிய நேரமே வசதி. அதற்கும் கீழே போனால் பக்கத்துக் கட்டடங்களின் நிழல் தரை முழுவதையும் மூடிவிடுகிறது.

குனியவும் முடியாது, ஏறவும் முடியாது என்றால் நீண்ட லென்ஸ் உதவும். ஆனால் நின்ற இடத்திலிருந்தே ஜூம் செய்வதல்ல. பின்னால் போய், ஆளை அதே அளவில் வைத்து எடுக்க வேண்டும். ஃபுல் ஃபிரேம் கேமராவில் (36×24 மி.மீ. சென்சார் உள்ளது) 28 மி.மீ. லென்ஸ், ஆள் 5 மீட்டரில், அவருக்கு 10 மீட்டர் பின்னால் ஒரு சுவர்: ஃபிரேமுக்குள் சுமார் 19 மீட்டர் அகலச் சுவர் வரும். 85 மி.மீ. லென்ஸோடு 15 மீட்டருக்குப் பின்வாங்கினால் ஆள் அதே அளவில் இருப்பார், சுவரில் 11 மீட்டர்தான் வரும். 11 மீட்டர் சுத்தமான சுவரைத் தேடிப் பிடிக்கலாம். 19 மீட்டர் கிடைப்பது அரிது. பின்வாங்கும்போது ஒன்று: வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தபடி சாலைப் பக்கம் பின்னோக்கி நடக்காதீர்கள். கேமராவை இறக்கி, திரும்பிப் பார்த்து, போய் நின்று, பிறகு தூக்குங்கள்.

அப்பெர்ச்சரை (லென்ஸின் துவாரம்; எஃப் எண் சிறிதானால் துவாரம் பெரிது) எஃப்/1.8-க்குத் திறந்து பின்னணியை மங்கலாக்கினால் போதாதா என்ற கேள்வி தவறாமல் வரும். போதாது. மங்கலாக்கினால் பொருள்களின் விளிம்புதான் போகும். அவற்றின் நிறமும் வெளிச்சமும் அப்படியே இருக்கும். மஞ்சள் பலகை மஞ்சள் திட்டாகும், விளக்கு முன்பைவிடப் பெரிய வட்டமாகும். உருவப்படத்துக்கு அது அழகு. இங்கே அது குப்பையை மெழுகி விட்டது போலத்தான்.

மூடுபனி, தூறல், எதிர்வெயில் மூன்றும் பின்னணியைத் தாமாகவே கழித்துத் தரும். இவற்றில் எதிர்வெயில் மட்டுமே ஏறக்குறைய தினமும் கிடைக்கும். சூரியனை முன்னால் வைத்து, வெளிச்சமான தரைக்கு எக்ஸ்போஷர் (கேமரா உள்வாங்கும் வெளிச்சத்தின் அளவு) வைத்தால் அதற்குப் பின்னால் இருக்கும் நிழல் பகுதி முழுவதும் கறுத்துவிடும்.

2. சுவர் வெறுமைதான், ஆனாலும் கண் ஓரத்துக்கே போகிறது

நிறையப் பொருள்கள் உள்ள படத்தில் மூலையில் ஒரு சிகரெட் துண்டு இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். வெறும் சுவர்ப் படத்தில் அது இரண்டாவது நாயகன். விளிம்பில் பாதி வெட்டுப்பட்ட எதுவும் இன்னும் மோசம்: அரை ஜன்னல், மின்கம்பியின் நுனி, வெள்ளைக் கோட்டின் ஒரு துணுக்கு.

அழுத்துவதற்கு முன் கண்ணை ஃபிரேமின் நான்கு விளிம்புகளிலும் ஒரு சுற்று ஓட்டுங்கள். நடுவில் இருக்கும் ஆளைப் பார்க்கவே கூடாது. அவர் தன்னைப் பார்த்துக்கொள்வார். நுழைந்திருப்பது வெட்டுப்பட்டிருந்தால் இரண்டே வழி: முழுவதும் வெளியே, அல்லது முழுவதும் உள்ளே. பெரும்பாலும் 20 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தாலே முடிந்துவிடும்.

வ்யூஃபைண்டரில் தெரியாதது படத்தில் வருகிறது என்றால் கேமராவின் அமைப்பே காரணமாக இருக்கலாம். விலை குறைந்த டிஎஸ்எல்ஆர் கேமராக்கள் பலவற்றில் வ்யூஃபைண்டர் படத்தின் 95 சதவீதத்தை மட்டுமே காட்டும். பின்திரையின் லைவ் வியூவில் வைத்து எடுத்தால் முழுப் பரப்பும் தெரியும்.

பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டால் எவ்வளவு இழப்பு என்று தெரிந்து விடுங்கள். 24 மெகாபிக்சல் படம் என்பது 6000×4000. இருபுறமும் பாதியாக வெட்டினால் 3000×2000, அதாவது 6 மெகாபிக்சல்தான் மிஞ்சும். 300 டிபிஐ-யில் அச்சிட்டால் 25×17 சென்டிமீட்டர். திரையில் பார்க்கப் போதும். ஆனால் வெறும் பரப்பை இழுத்துப் பெரிதாக்கும்போது நாய்ஸ் (மணல் போன்ற புள்ளிகள்) முதலில் தெரிவது அந்தப் பரப்பில்தான்.

3. மினிமலாக இல்லை, காலியாக இருக்கிறது

எல்லாவற்றையும் கழித்தாகிவிட்டது, படமும் செத்துக் கிடக்கிறது. இங்கே சரிபார்க்க வேண்டியவை அளவு, டோன் (எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்பது), இடம்.

அளவு. கிடைமட்டப் படத்தில் ஆளின் உயரம் ஃபிரேம் உயரத்தில் ஆறில் ஒன்றிலிருந்து பத்தில் ஒன்று வரை இருந்தால் அவர் சிறியவராகவும் தெரிவார், மனிதராகவும் தெரிவார். அதற்கும் கீழே போனால் கைபேசித் திரையில் ஒரு புள்ளி. மூன்றில் ஒன்றைத் தாண்டினால் அது உருவப்படம். ஃபுல் ஃபிரேமில் பத்தில் ஒன்றுக்கு நிற்க வேண்டிய தூரம் 28 மி.மீ. லென்ஸில் சுமார் 20 மீட்டர், 35-இல் 25 மீட்டர், 50-இல் 35 மீட்டர். ஆறில் ஒன்று வேண்டுமானால் 28-இல் 12 மீட்டர், 50-இல் 21 மீட்டர். கைபேசியின் முதன்மை லென்ஸ் ஏறக்குறைய 24 முதல் 26 மி.மீ.க்குச் சமம் என்பதால் 11 மீட்டரிலேயே ஆறில் ஒன்று வந்துவிடும். அல்ட்ரா வைட் லென்ஸைத் தொடவே வேண்டாம். அது வெற்றிடத்தைத் தராது. பக்கத்து வீட்டையும் சேர்த்துத் தரும்.

டோன். ஃபிரேமிலேயே அதிகக் கறுப்பு அல்லது அதிக வெள்ளை முக்கியப் பொருளாக இருக்க வேண்டும். சுவருக்கும் அதற்கும் குறைந்தது இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது) வித்தியாசம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். சாம்பல் சுவர், சாம்பல் சட்டை என்றால் காத்திருக்க வேண்டியதுதான். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வராமலா போவார். எடிட்டிங்கில் கான்ட்ராஸ்ட்டை ஏற்றினால் சுவரின் கறைகளும் கூடவே எழுந்து வரும்.

இடம். நடுவில் வைப்பது தவறு என்ற விதி இங்கே செல்லாது. முகப்பு இருபுறமும் சமச்சீராக இருந்தால் நடுதான் சரியான இடம். சமச்சீர் இல்லாதபோது நடுவில் வைத்தால்தான் படம் மந்தமாகும். நடப்பவரை ஓரத்தில் வைக்கும்போது அவர் போகும் திசையில் வெளி இருந்தால் நடை தொடர்வதாகத் தோன்றும். முதுகுப் பக்கம் வெளி இருந்தால் படத்தைவிட்டு வெளியேறுவதாகத் தோன்றும். இரண்டாவதும் பயன்படும், வேண்டுமென்றே செய்தால்.

மூன்றும் சரியாக இருந்தும் உயிர் வரவில்லையென்றால் வெற்றிடத்தைக் கவனியுங்கள். வெற்றிடத்துக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும்: வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மெல்ல மங்குவது, ஒரு நிழல் விளிம்பு குறுக்கே ஓடுவது, ஒரே ஒரு கோடு. மேகமூட்டமான நாளில் ஒரே நிறச் சுவர் பெரும்பாலும் அட்டையாகத்தான் தெரியும். நேர்வெளிச்சம் சுவரின் சொரசொரப்பை மறைக்கும், சுவரை உரசிச் செல்லும் பக்க வெளிச்சம் அதை வெளிக்கொண்டுவரும். ஆள் வேண்டுமென்றால் முதலாவது, சுவரே படமாக வேண்டுமென்றால் இரண்டாவது.

4. ஆள் பின்னணியோடு ஒட்டிக்கொள்கிறார்

மூன்று இடங்களில் ஒட்டும். தலையில் ஒரு கோடு குறுக்கே போகிறது, அல்லது கம்பம் முளைக்கிறது. கால்கள் இரண்டும் சேர்ந்து ஒரே குச்சியாகின்றன. கை உடலோடு சேர்ந்து உருவம் உருளையாகிறது.

தலைக்குப் பின்னாலுள்ள கோட்டைத் தவிர்க்க, கேமராவின் உயரத்தை மாற்றுங்கள். கம்பத்தைத் தவிர்க்க, பக்கவாட்டில் நகருங்கள். ஆளுக்காகக் காத்திருக்கும்போதே அவர் தலை எந்த உயரத்தில் வரும் என்று அந்த இடத்தைக் கடந்து போகும் முதல் ஆளை வைத்து அளந்துவிடலாம். அவரைப் படமெடுக்க வேண்டியதில்லை.

கால் விவகாரம் முழுக்க முழுக்க நேரம் சார்ந்தது. சாதாரண நடையில் நொடிக்கு ஏறக்குறைய இரண்டு அடிகள். அதாவது கால்கள் நன்றாக விரிந்த கணம் அரை நொடிக்கு ஒருமுறை வரும். நொடிக்கு 3 படம் எடுக்கும் பர்ஸ்ட் (விடாமல் தொடர்ந்து படமெடுக்கும் வசதி) அதைத் தவறவிடலாம். 8 அல்லது 10 படம் எடுப்பது பிடித்துவிடும். பர்ஸ்ட் இல்லாத கேமராவில், பின்கால் தரையைவிட்டு எழத் தொடங்கும்போதே அழுத்துங்கள்; கேமராவின் தாமதத்துக்கும் விரலின் தாமதத்துக்கும் அது ஈடாகும். முன்கால் ஊன்றிய பிறகு அழுத்தினால் அடுத்த கால் நடுவுக்கு வந்திருக்கும்.

ஷட்டர் வேகம் நடப்பவருக்கு நொடியில் 1/250, பாதமும் கூர்மையாக வேண்டுமென்றால் 1/500, சைக்கிளுக்கு 1/1000. பாதம்தான் உடலிலேயே வேகமாக நகரும் பகுதி. முகம் கூர்மையாக இருந்து பாதம் கரைந்திருந்தால் குறை ஃபோகஸில் இல்லை, ஷட்டரில்.

ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்து நேரத்தைத் தின்றால் அதுவும் வெறும் சுவரின் பரிசுதான். பிடித்துக்கொள்ள விளிம்பு ஏதும் இல்லாத பரப்பில் ஃபோகஸ் புள்ளி தடுமாறும். மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். ஃபுல் ஃபிரேமில் 35 மி.மீ. லென்ஸ், எஃப்/8, ஃபோகஸ் 5 மீட்டரில்: 2.5 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை கூர்மையாக இருக்கும். மேலே சொன்ன தூரங்கள் எல்லாம் இதற்குள் அடங்கும். பிறகு ஃபோகஸைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

5. வெள்ளைச் சுவர் சாம்பலாக, நீலமாக வருகிறது

சாம்பலாவதற்குக் காரணம் மீட்டர், அதாவது கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் பகுதி. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கவே மீட்டர் முயலும். ஃபிரேம் முழுக்க வெள்ளை என்றால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1.3-இலிருந்து +2 வரை ஏற்றுங்கள். ஹிஸ்டோகிராமின் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) மேடு வலதுபக்கம் நெருங்க வேண்டும், வரைபடத்தின் ஓரத்தில் மோதக் கூடாது. ஃபிரேம் முழுக்கக் கறுப்பு என்றால் இதற்கு நேர்மாறு, -1 முதல் -2 வரை.

வெயிலில் இதைவிட எளிய வழி மீட்டரைக் கைவிடுவது. தெளிந்த வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 100, எஃப்/8, 1/400. அல்லது ஐஎஸ்ஓ 200, எஃப்/8, 1/800. நடப்பவரை உறையவைக்கவும் இதுவே போதும். வெயில் மாறாதவரை எண்களைத் தொடாதீர்கள். வெள்ளைச் சட்டை வந்தாலும் கறுப்புக் கோட்டு வந்தாலும் சுவர் ஒரே டோனில் இருக்கும். வரிசையாகப் பல படங்கள் எடுக்கிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

நீலமாவது வேறு கதை. நிழலில் இருக்கும் சுவருக்கு வெளிச்சம் வானத்திலிருந்து வருகிறது. அதன் நிறவெப்பம் 7000 கெல்வினுக்கு மேல் போகும். வெயிலில் அது 5500-ஐ ஒட்டி இருக்கும். வெள்ளைச் சமநிலையை ‘நிழல்’ அமைப்பில் வையுங்கள். ஆட்டோவில் விட்டால் இன்னொரு தொல்லை: மஞ்சள் சுவர் ஃபிரேமை நிறைத்தால் கேமரா அதை ஒரு குறையாகக் கருதி மஞ்சளைக் கழுவிவிடும், படத்துக்குப் படம் வெவ்வேறு அளவில். நிறச் சுவர்களுக்கு ‘பகல்வெளிச்சம்’ அமைப்பே நம்பகமானது.

6. நிழல் கறுப்பாக வரவில்லை

கண்ணுக்கு நிழல் கறுப்பாக, சுத்தமாகத் தெரிகிறது. படத்தில் அதற்குள் சைக்கிளும் சாக்குமூட்டையும் தெரிகின்றன. கைபேசி என்றால் காரணம் எச்டிஆர். பல எக்ஸ்போஷர்களைச் சேர்த்து நிழலைத் தூக்கிக் காட்டுவதே அதன் வேலை. அமைப்பில் அணைக்க முடிந்தால் அணையுங்கள்; சில கைபேசிகளில் முடியாது. அப்போது திரையில் வெயில் விழும் இடத்தை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டி, விரலைக் கீழே இழுத்துக் குறையுங்கள். ரா கோப்பாக (கேமரா திருத்தாத மூலத் தரவு) எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. பிறகு கறுப்பை நீங்களே தீர்மானிக்கலாம்.

கேமராவில்: வெயில் பகுதிக்கு மீட்டர் செய்து அதற்கும் ஒரு ஸ்டாப் கீழே. மேலே சொன்ன வெயில் எண்களில் ஐஎஸ்ஓ 200, எஃப்/8, 1/1600. திறந்தவெளி நிழல் வெயிலைவிடச் சுமார் மூன்று ஸ்டாப் மட்டுமே குறைவாக இருக்கும் என்பதால் அது முழுக் கறுப்பாகாது, எடிட்டிங்கில் பிளாக்ஸை (மிக இருண்ட பகுதிகளை மாற்றும் அமைப்பு) கீழே இழுக்க வேண்டியிருக்கும். குறுகிய சந்து, ஆழமான வாசல், மேம்பாலத்தின் அடி ஆகியவை தாமாகவே கறுக்கும். ஆகவே இடத்தைத் தேர்ந்தெடுப்பது எண்களைவிட முக்கியம்.

எடிட்டிங்கில் நிழலைக் கறுப்பாக்குவது ஏமாற்றா என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு தகவல். ஹாங்காங் தெருக்களைப் படமெடுத்த ஃபான் ஹோவின் 1954-ஆம் ஆண்டுப் படம் ஒன்றில், சுவரோரம் நிற்கும் பெண்ணை நோக்கி மூலைவிட்டமாக இறங்கும் நிழல் மிகவும் புகழ்பெற்றது. அந்த நிழல் இருட்டறையில் சேர்க்கப்பட்டது. செய்தி ஆவணமாகக் கொடுக்காதவரை இதில் சண்டைக்கு இடமில்லை.

நிழல் விளிம்புக்காகக் காத்திருக்கும்போது வானத்தில் சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்வதை மறக்க வேண்டாம். நல்ல விளிம்பு கால் மணி நேரத்தில் வேறு இடத்தில் இருக்கும். ஃபிரேமை முடிவு செய்துவிட்டு ஆளுக்காக ஒரு மணி நேரம் நிற்பவர், நடுவில் ஃபிரேமைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

7. கோடுகள் சாய்கின்றன

மினிமல் படத்தில் ஒரு டிகிரி சாய்வுகூடத் தெரியும்: 6000 பிக்சல் அகலத்தில் அது 105 பிக்சல் ஏற்ற இறக்கம். கிரிட் கோட்டையும் எலக்ட்ரானிக் லெவலையும் போட்டு வையுங்கள். செங்குத்துக் கோடுகள் மேலே குவிந்தால் கேமராவை அண்ணாந்து பிடித்திருக்கிறீர்கள். பின்வாங்கி, சென்சார் சுவருக்கு இணையாக இருக்கும்படி நேரே பிடித்து, கீழே வரும் அதிகத் தரையை வெட்டிவிடலாம். மென்பொருளில் நிமிர்த்துவதானால் நான்கு புறமும் 10 முதல் 15 சதவீதம் கூடுதல் இடம் விட்டு எடுக்க வேண்டும். நிமிர்த்தும்போது ஓரங்கள் போய்விடும். பாதி நேராக, பாதி சாய்வாக விடுவதுதான் கூடாது. சாய்க்க வேண்டுமென்றால் பார்ப்பவருக்குச் சந்தேகம் வராத அளவுக்குச் சாயுங்கள்.

8. வெறும் பரப்பில் புள்ளிகள், பட்டைகள், வரிகள்

பரபரப்பான படத்தில் ஒளிந்துகொள்ளும் எல்லாத் தொழில்நுட்பக் குறைகளும் வெறும் வானத்தில் அம்பலமாகும்.

ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் சாம்பல் புள்ளி இருந்தால் அது சென்சார் தூசு. எஃப்/16-இல் தெளிவாகத் தெரியும், எஃப்/4-இல் மறைந்தே போகும். உறுதிசெய்ய, வெள்ளைத் தாளை எஃப்/16-இல் ஃபோகஸ் இல்லாமல் எடுத்துப் பாருங்கள். கேமராவைக் குப்புறப் பிடித்து ரப்பர் ஊதியால் ஊதுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில் தெறித்தால் கறை தூசைவிட மோசம். தெருவில் எஃப்/8-ஐத் தாண்ட வேண்டிய தேவை அரிது.

மூலைகள் கறுத்தால் லென்ஸின் விக்னெட்டிங். எஃப்/5.6-க்கு மூடுங்கள், லென்ஸ் ப்ரொஃபைல் திருத்தத்தைப் போடுங்கள். போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைத்து வானத்தைக் கறுப்பாக்கும் ஃபில்டர்) மாட்டி வானத்தின் ஒரு பக்கம் மட்டும் கறுத்தால் குறை லென்ஸில் இல்லை: சூரியனுக்கு 90 டிகிரித் திசையில்தான் அது வானத்தை அதிகம் கறுப்பாக்கும், அகன்ற லென்ஸ் அந்தப் பகுதியையும் மற்றதையும் சேர்த்துப் பிடித்துவிடும். 28 மி.மீ.க்குக் கீழே வானத்துக்குப் போலரைசர் வேண்டாம். கடைக் கண்ணாடியின் பிரதிபலிப்பை நீக்க மாட்டுவது பயன் தரும். கண்ணாடிப் பரப்புக்குச் சுமார் 35 டிகிரிக் கோணத்தில் நின்றால் நன்றாக வேலை செய்யும், நேர் எதிரே நின்றால் செய்யாது.

மங்கிச் செல்லும் வானம் படிக்கட்டுகளாக உடைந்தால் ஜேபெக் கோப்பை அளவுக்கு மீறி எடிட் செய்திருக்கிறீர்கள். ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான் அதில் உண்டு. வானம் மேலிருந்து கீழ்வரை 10 படிகளே மாறுகிறது என்றால் 4000 பிக்சல் உயரத்தில் ஒவ்வொரு படியும் 400 பிக்சல் அகலப் பட்டை. 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள் உண்டு. அதில் எடிட் செய்து, ஏற்றுமதி செய்யும் முன் மிக லேசாகக் கிரெயின் (நுண்புள்ளிகள்) சேருங்கள். பட்டையின் விளிம்பை அது உடைத்துவிடும்.

இரவில் சுவரின் குறுக்கே இருண்ட வரிகள் ஓடினால் எல்ஈடி விளக்கின் துடிப்பு. எலக்ட்ரானிக் ஷட்டர் வரிவரியாகப் படிப்பதால் அது பதிவாகிறது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/60 அல்லது 1/120 வையுங்கள்.

9. கூட்டம் குறையவே இல்லை

விடியலில் போவது சிறந்த வழி, மற்றவை எல்லாம் அதற்கு ஈடு செய்பவை.

லென்ஸில் மாட்டும் கறுப்புக் கண்ணாடியான 10 ஸ்டாப் என்டி ஃபில்டர் வெளிச்சத்தை ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காக்கும். வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/16, 1/100 என்பது 10 நொடியாகிவிடும். அந்த நேரத்தில் நடப்பவர் 14 மீட்டர் கடந்திருப்பார், படத்தில் தடமே இருக்காது. நிறுத்திய சைக்கிள் மட்டும் நிற்கும். நின்று பேசுகிறவர்கள் ஆவியாகத் தெரிவார்கள். முக்காலி கட்டாயம். கால் நொடி, அரை நொடி என்ற இடைநிலை வேகங்கள்தான் ஆபத்து: கூட்டம் மறையவும் செய்யாது, கூர்மையாகவும் வராது, கை ஆடிவிட்டதாகத்தான் தோன்றும்.

ஃபில்டர் இல்லாதவர்கள் முக்காலியில் வைத்துச் சில நொடி இடைவெளிகளில் 15 முதல் 20 படம் எடுத்து, மென்பொருளில் மீடியன் முறையில் (ஒவ்வொரு புள்ளிக்கும் எல்லாப் படங்களின் நடு மதிப்பை எடுப்பது) அடுக்கலாம். ஒவ்வொரு புள்ளியும் பாதிக்கு மேற்பட்ட படங்களில் காலியாக இருந்தால்தான் அங்கே ஆள் மறைவார். ஒருவர் அதே இடத்தில் நின்றுகொண்டே இருந்தால் எத்தனை படம் எடுத்தாலும் அவர் போக மாட்டார். அவர் நகரும்வரை இடைவெளியை நீட்டுங்கள்.

10. எல்லாப் படமும் ஒன்றுபோலவே இருக்கிறது

பெரிய சுவர், சின்ன ஆள், முடிந்தால் ஒரு குடை. இந்த அச்சு எளிதில் கைவரும், அதனாலேயே எளிதில் சலிக்கும். மாற்ற வேண்டியது இடத்தை அல்ல, எதை மிச்சம் வைக்கிறோம் என்பதை. அதே தெருவில் ஆளே இல்லாமல் நிழலை மட்டும் வைத்து ஒரு சுற்று போய் வாருங்கள். அடுத்த சுற்றில் நிழலும் இல்லாமல், இரண்டு நிறங்கள் சந்திக்கும் விளிம்பு மட்டும்: சாலைக் கோடும் தாரும், படியின் முனையும் சுவரும். மூன்றாவதில் மீண்டும் ஆள், ஆனால் கை மட்டும், அல்லது ஜன்னலுக்கு மேல் தெரியும் தலை மட்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே லென்ஸ், ஒரே விகிதம் என்று வைத்துக்கொள்வது உதவும். 1:1 சதுரம் நடுவில் வைப்பதற்குத் தோதானது, 4:5 உயரமான வெற்றிடத்துக்கு, 16:9 நீண்ட சுவருக்கு. விகிதத்தைக் கேமராவிலேயே வைத்துவிடுங்கள். எடுத்த பிறகு வெட்டுவதற்கும், வெட்டு எங்கே விழும் என்று தெரிந்தே நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.